150 டாலருக்குச் சரி சொன்ன பிறகு 300 டாலர் வந்தால்?

தம்பி, இணைய மன்றத்தில் விற்பனைக்குப் போட்டு ஒருவருக்கு 150 டாலருக்குச் சரி சொன்ன டொமைனை (இணையதளப் பெயரை), இன்பாக்ஸில் 300 தருகிறேன் என்பவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். ஹட்டன் பஸ்ஸில் லேஞ்சி போட்ட சீட்டுக்கே சண்டை வரும். இங்கே நீங்கள் எழுதிய 'சரி' எல்லார் கண்முன்னும் கிடக்கிறது. பண்டாரவளையில் இருந்துகொண்டு நானும் ஒருமுறை அப்படி வாக்கு மாறி, கூடுதல் விலை சொன்னவருக்குக் கொடுத்தேன். அப்புறம் ஒரு வருடம் யாரும் என்னிடம் விலையே கேட்கவில்லை.

முதலாமவருக்கு 48 மணி நேரம் கெடு கொடுங்கள். பணம் வராவிட்டால் அதே இடத்தில் 'மீண்டும் விற்பனைக்கு' என்று போட்டுவிட்டு அடுத்தவரிடம் பேசுங்கள்.

போன மாதம்தான் பதிந்த பெயர் என்றீர்களே, அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். பதிந்து 60 நாள் ஆகும்வரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைன் பதிவு செய்து தரும் நிறுவனத்துக்கு) மாற்ற முடியாமல் போகலாம். வாங்குபவருக்கு உங்கள் ரெஜிஸ்ட்ராரிலேயே கணக்கு இருந்தால், பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே 'புஷ்' செய்துவிடலாம், அதாவது உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாற்றிவிடலாம். பணம் மட்டும் எஸ்க்ரோ வழியாக, அதாவது டொமைன் கைமாறும்வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு வழியாக வரட்டும்.