மன்த் ஃபார்முலா தப்பான மாதம் காட்டுகிறதா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நெல் கொள்முதல் தேதிகள் எக்செல்லில் இருக்கின்றன. கார் பருவ நெல் எவ்வளவு, பிசானப் பருவ நெல் எவ்வளவு என்று பிரிக்க மாதம் தனியாக வேண்டும். ஃபார்முலா போட்டால் சில வரிகளில் 'வேல்யூ' பிழை. சிலவற்றில் மாதமே மாறி வருகிறது.

பதில்: தேதி ஏ2 செல்லில் இருந்தால் =மன்த்(ஏ2) மாதத்தைத் தரும், =இயர்(ஏ2) வருடத்தை, =டே(ஏ2) நாளை. அடிக்கும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். இதை நீங்கள் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். தேதி உள்ளே போன விதத்தில்தான் கோளாறு.

எக்செல்லுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1. 2024 ஜனவரி 1 என்றால் 45292. உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. 25/02/2024 என்று அடித்தால், 25ஆம் மாதம் கிடையாதே, வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். பிழை வருவது இதில்தான், கண்ணிலும் பட்டுவிடும். 05/02/2024 அப்படியில்லை. மே 2 ஆகிவிடும். பிப்ரவரியில் வந்த பிசான நெல் மே மாதக் கணக்கில் சத்தமில்லாமல் ஏறிவிடும். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

முதலில் விண்டோஸ் ரீஜன் அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுங்கள். இனி அடிப்பவை சரியாக விழும். ஏற்கெனவே உள்ளவற்றுக்கு பி2வில் இதைப் போடுங்கள்:

=இஃப்(இஸ்நம்பர்(ஏ2),டேட்(இயர்(ஏ2),டே(ஏ2),மன்த்(ஏ2)),டேட்(ரைட்(ஏ2,4),மிட்(ஏ2,4,2),லெஃப்ட்(ஏ2,2)))

எண்ணாகிவிட்டதில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும். எழுத்தாக நிற்பதை வெட்டிச் சேர்த்துத் தேதியாக்கும். நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே சரியாக விழுந்த வரிகளில் இதைப் போட்டுவிடாதீர்கள், அவை கெட்டுவிடும். நாலைந்து வரிகளை எடை ரசீதோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கீழே இழுங்கள்.

அப்புறம் பருவம். பிசானம் விதைப்பது ஒரு வருடம், அறுப்பது அடுத்த வருடம். நீங்கள் வைத்திருப்பது கொள்முதல் தேதி என்பதால் அந்தக் குழப்பம் இல்லை: =இஃப்(மன்த்(பி2)<=5,"பிசானம்","கார்"). அந்த 5ஐ உங்கள் ஆலைக்கு நெல் வரும் மாதங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

மாதம் கேட்ட செல்லில் 02-01-1900 என்று வந்தால் பதறாதீர்கள். விடை 2தான், செல்லின் ஃபார்மட்டை ஜெனரலுக்கு மாற்றினால் போதும்.