பானவில் அணையில் என்ன பார்ப்பது?

கேள்வி: செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவர், பானவில் அணையைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். மேட்டூரைப் பார்த்தவர்களுக்கு அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது?
– வாசகி, ஈரோடு

பதில்: அவசியம் போங்கள் அம்மா. மேட்டூரின் 120 அடித் தேக்கத்தைப் பார்த்த கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கொலம்பியா ஆற்றிலுள்ள இந்த அணையில் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏறத்தாழ 60 அடிதான் வேறுபாடு. பாசனத்துக்காக நீரைச் சேமிப்பது இதன் வேலையில்லை. ஓடும் ஆற்றிலேயே மின்சாரம் எடுக்கிறார்கள். 1930களில் பொருளாதாரம் சரிந்த பெருமந்தக் காலத்தில் வேலையிழந்தவர்களுக்குப் பிழைப்புக் கொடுத்து எழுந்த அணை. 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் திறந்துவைத்தார்.

அணையை ஒட்டிய பிராட்போர்ட் தீவிலுள்ள பார்வையாளர் மையத்தின் நீருக்கடி ஜன்னலை விட்டு என்னால் எளிதில் நகர முடியவில்லை. கடலில் வளர்ந்த சால்மன் மீன், முட்டையிடத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பும். அணை மறிக்கிறதே, எப்படி ஏறும்? அதற்காகவே நீர் வழியும் படிக்கட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் கீறலோடு ஒரு மீன் ஓட்டத்தை எதிர்த்துக் கண்ணாடியருகே நிற்கும், பின்னுக்குத் தள்ளப்படும், மறுபடி முன்னேறும். கடந்து போகும் மீன்களை இனம் பிரித்து எண்ணுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் போகும் செப்டம்பரில்தான் சினூக் என்ற சால்மன் வகை பெருங்கூட்டமாக வரும்.

படிக்கட்டு வைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கடலுக்கு இறங்கும் குஞ்சுகள் டர்பைன்களில் சிக்கி மடிவதுண்டு. பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த துறைகள் தேக்கத்தில் மூழ்கிப்போயின. அங்கே மீன்பிடிக்கும் உரிமையை அமெரிக்க அரசுடன் செய்த 1855ஆம் ஆண்டு ஒப்பந்தங்களிலேயே அவர்கள் உறுதிசெய்துகொண்டிருந்தார்கள். அணையின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

உங்கள் கணவருக்கு வடகரையில், வாஷிங்டன் மாநிலத்துப் பக்கமுள்ள இரண்டாம் மின்நிலையம் பிடிக்கும். ஜெனரேட்டர்களைக் கிட்டத்தில் காணலாம். அதைக் கட்டுவதற்காக வடக்கு பானவில் என்ற ஊரையே பெயர்த்து வேறிடத்தில் அமைத்தார்கள். தென்கரையில், ஓரிகன் மாநிலத்துப் பக்கம் மீன்குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. அங்கே ஹெர்மன் என்ற 10 அடி ஸ்டர்ஜன் மீனையும் பாருங்கள்.

கட்டணம் கிடையாது. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்பே மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். அணை மீது நடந்து மறுகரைக்குப் போக முடியாது. ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் சில கிலோமீட்டர் போய், 'பிரிட்ஜ் ஆஃப் த காட்ஸ்' என்ற சுங்கப் பாலத்தில் கடக்க வேண்டும். முழு நாளை ஒதுக்குங்கள்.