முக்காடு இல்லாமல் பார்த்திருந்தால்

அன்புள்ள ஐயா,

மெக்சிகோவின் கன்னியாஸ்திரீ சோர் ஹுவானாவைப் பெண்கல்விக்கு வாதாடிய முன்னோடி என்று எழுதியிருந்தீர்கள். 1691இல் அவர் எழுதிய பதில் கடிதத்தைத் தேடிப் படித்தேன். ஏமாற்றம்தான். தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஓயாமல் தாழ்ந்துபோகிறார். இது சமத்துவக் குரலா, மன்னிப்புக் கடிதமா?

க., மதுரை

அன்புள்ள க.,

கடிதம் யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். வியேரா என்ற புகழ்பெற்ற இயேசு சபைப் பாதிரியாரின் பிரசங்கத்தை மறுத்து ஹுவானா எழுதியிருந்தார். 1690இல் புவெப்லா நகரத்து ஆயர் அதை அவரைக் கேட்காமலே அச்சிட்டார். கூடவே, உலக நூல்களைக் குறைத்துக்கொண்டு வேதம் படிக்கும்படி ஓர் அறிவுரை. கீழே ‘சோர் பிலோத்தேயா’ என்ற கன்னியாஸ்திரீயின் பெயர். ஆயர் ஸ்திரீபார்ட் போட்டுக்கொண்டார்!

அந்த அறிவுரைக்குப் பதில் எழுதிய ஹுவானா அந்த வேடத்தைக் கலைக்கவில்லை. ஒரு கன்னியாஸ்திரீ இன்னொருத்தியிடம் பேசுவதுபோலவே எழுதிக்கொண்டு போகிறார். முடிவில், உங்களை முக்காடு இல்லாமல் பார்த்திருந்தால் இவ்வளவு உரிமை எடுத்திருக்க மாட்டேன் என்று மன்னிப்பும் கேட்கிறார். அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நீங்கள் சொல்லும் பணிவு எல்லாமே இந்த ஜாதிதான். பெண்களுக்குச் சமையலறைத் தத்துவம் தவிர வேறென்ன தெரியும் என்கிறார். அதற்கு முன்பே, முட்டை கொழுப்பில் பொரிக்கும்போது சேர்ந்து நிற்பதையும் சர்க்கரைப் பாகில் சிதறிப்போவதையும் சொல்லிவிட்டார். அடுத்த அடி: அரிஸ்டாட்டில் சமைத்திருந்தால் இன்னும் நிறைய எழுதியிருப்பார். ஒருமுறை மடத்துத் தலைவி படிக்கவே கூடாது என்று தடுத்துவிட, சுமார் மூன்று மாதம் புத்தகத்தைத் தொடாமல், கண்ணில் பட்டதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர்.

ஒரு விஷயத்தில் உங்கள் ஏமாற்றம் நியாயமானது. பெண்கள் சபையில் பேசக் கூடாது என்ற வேதாகமப் பவுலின் கட்டளையை அவர் எதிர்க்கவில்லை. பிரசங்க மேடை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து, தனியறையில் படிப்பதையும் எழுதுவதையும் பிடித்துக்கொள்கிறார். ஆனால் அதோடு நிற்கவில்லை. தகுதியில்லாத ஆண்களுக்கும் வேத விளக்கம் ஆகாது என்கிறார். ஆண் ஆசிரியரை வீட்டுக்குள் விடப் பயந்து தகப்பன்மார் பெண்களைப் படிக்கவைக்காமலே விடுகிறார்களே, கற்ற முதிய பெண்கள் இருந்தால் அந்தப் பயம் எதற்கு என்கிறார். நூலகத்தில் அடைந்து கிடந்தவருக்கு வராத வாதம் இது; ஊர் வீடுகளை அறிந்தவருடையது.

ஆயரின் அறிவுரை 1690இலேயே அச்சேறியது. ஹுவானாவின் பதில் 1700இல்தான் நூலில் வந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, கொள்ளைநோயில் விழுந்த மடத்துச் சகோதரிகளுக்குப் பணிவிடை செய்து, அவரும் இறந்துபோயிருந்தார்.