இட்லி நெஞ்சில் நிற்கிறதா?

கேள்வி (44 வயது, உசிலம்பட்டி): 2019-இல் எடை குறைக்க, இரைப்பையை வெட்டிக் குழாயாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து 112 கிலோவிலிருந்து 76-க்கு வந்தேன். இப்போது 94. இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது. தினம் ஐந்து டீ, மதுரைக்குப் போனால் ஜிகர்தண்டா, அவ்வளவுதான். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. மெடிக்கலில் வாங்கி பேன்டோபிரசோல் என்ற அமில மாத்திரை போடுகிறேன். ஆபரேஷனில் உள்ளே அடித்த ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மறுபடி ஆபரேஷன் என்றால் பயமாக இருக்கிறது. சில நாள் இட்லிகூட நெஞ்சில் நின்று, தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது.

பதில்: கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதல் வரி. இட்லி நிற்கக் கூடாதும்மா. குழாயாக்கிய இரைப்பை நடுவில் சுருங்கியோ முறுக்கியோ இருக்கலாம். அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாய் புண்ணாகித் தழும்பேறியிருக்கலாம். இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். அபூர்வமாக இதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பி பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. இந்த வாரமே பாருங்கள். தண்ணீரே இறங்காவிட்டாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அந்தப் பின்கள் டைட்டானியம். துருப்பிடிக்காது. வீடியோவை மூடுங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கோபம். அது அமிலம் சுரப்பதைக் குறைக்கும், மேலே ஏறுவதை நிறுத்தாது. எரிச்சல் அடங்கியதால் நோயும் அடங்கியது என்று இருந்துவிட்டீர்கள். போதாததற்கு, ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஏற்கெனவே குறைகிற பி12, இரும்புச்சத்தை அது இன்னும் குறைக்கும். இதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

புளித்த தண்ணீர் ஏறி வருவது உங்கள் தவறல்ல. முக்கால்வாசிக்கு மேல் இரைப்பையை எடுத்துவிட்டு ஒடுங்கிய குழாயை விட்டு வைக்கிறோம். உள்ளே அழுத்தம் கூடினால் மேலேதான் தள்ளும். எடை வேறு கதை. இட்லியை மறிக்கிற குழாய் ஜிகர்தண்டாவை மறிக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். ஐந்து டீயின் சர்க்கரையும் அப்படித்தான்.

மறு ஆபரேஷன் தேவைப்பட்டால், எரிச்சலோடு வருபவருக்கு மீண்டும் ஸ்லீவ் செய்வதில்லை, இரைப்பை பைபாஸாக மாற்றுவோம். மேலே சின்னப் பை ஒன்றை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பது. புளித்த தண்ணீர் தொல்லை பெரும்பாலோருக்கு நன்றாகக் குறையும். எடை முதல் தடவை போல மளமளவென்று இறங்காது. ஒட்டிக்கிடக்கும் பழைய இடத்தைப் பிரிப்பதால் ஆபத்தும் முதல் தடவையைவிடக் கொஞ்சம் கூடுதல். சத்து மாத்திரை ஆயுசுக்கும். ஆனால் எண்டோஸ்கோப்பி முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

போகும்போது 2019 டிஸ்சார்ஜ் சம்மரியையும், தின்றுகொண்டிருக்கிற மாத்திரை அட்டையையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.