ஐப்பசியில் பட்டுப்போகும் கொல்லைச் செடிகள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கொல்லையில் குண்டுமல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை ஆகியவற்றை நட்டதாகவும், களிமண்ணில் வேர் எளிதாக ஓடட்டும் என்று இரண்டடிக் குழி வெட்டி மணலும் தொழுவுரமும் நிரப்பியதாகவும், கோடை முழுவதும் தழைத்து நின்றவை ஐப்பசி, கார்த்திகையில் மஞ்சளித்துப் பட்டுப்போவதாகவும் சொல்கிறார். வெயிலைத் தாங்கிய செடி மழையில் ஏன் சாக வேண்டும் என்பது அவர் கேள்வி.

காரணம் அந்தக் குழிதான். சுற்றிலும் இறுகிய களி இருக்கும்போது நடுவில் மட்டும் மண்ணை இளக்கினால், அது ஓட்டையில்லாத சட்டியாகிவிடுகிறது; கொல்லையில் விழும் மழைநீர் அதற்குள் இறங்கி, வெளியேற வழியின்றி நிற்கிறது. வேருக்குக் காற்று வேண்டும். அது கிடைக்காத வேர் தண்ணீருக்கு நடுவிலேயே இருந்தாலும் அதை உறிஞ்ச முடியாமல் போவதால் இலை தொங்குகிறது, நாமோ தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுகிறோம், அல்லது சத்துக் குறைவென்று யூரியா போடுகிறோம். பட்ட செடியைப் பிடுங்கி, ஒரு வேரை இரு விரலால் உருவிப் பாருங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால், அது வேரழுகல்.

நடுவதற்கு முன் ஒரு சோதனை போதும். ஓரடிக் குழி வெட்டி, இரண்டு முறை நீர் நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால், அங்கே குழியில் நடவே கூடாது. கொல்லை மண்ணோடு மட்கிய தொழுவுரம் கலந்து, ஒன்றரை அடி உயரமும் நான்கடி அகலமும் உள்ள மேடு அமைத்து, அதன் உச்சியில் நடுங்கள். மேடு ஓராண்டில் அமுங்கும் என்பதால் ஒரு சாண் கூடுதலாகவே போடலாம். பக்கத்து வயலில் சம்பாவுக்கு நீர் கட்டியிருந்தால் கசிவு கொல்லை வரை வரும். மேட்டைச் சுற்றி வடிகால் வெட்டி வாய்க்காலில் சேர்ப்பது அவசியம். களியில் கொஞ்சமாக மணல் கலப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, காய்ந்தால் செங்கல்லாக இறுகிவிடும். பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தாருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அவர்கள் பாடு கோடைத் தண்ணீரோடு.

இப்போது மஞ்சளித்து நிற்கும் செடிக்குத் தண்ணீரையும் உரத்தையும் நிறுத்தி, அடித்தண்டை மூடிய மண்ணை விலக்கி, தேங்கிய நீரை வடியவிடுங்கள். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். பாதி வேர் அழுகியிருந்தால் எந்த மருந்தும் பயன்தராது.

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்வது வழக்கம். டெல்டாவில் அப்போதும் மழை கொட்டினால் வெட்டுக்காயம் அழுகக்கூடும் என்பதால், சில நாள் வெயில் கண்ட பிறகு வெட்டுவது நல்லது. நீர் நின்றே தீரும் பள்ளத்தோடு போராட வேண்டாம். அங்கே கல்வாழையும் வெட்டிவேரும் வளரட்டும். பவழமல்லியும் கறிவேப்பிலையும் மேட்டுக்கே உரியவை.

புதுக் கன்றுகளைத் தை மாதத்தில் நடுங்கள். கோடையில் அடித்தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி வைக்கோல் பரப்பி நீர் விட்டுவந்தால், அடுத்த ஐப்பசிக்குள் வேர் மேடு முழுவதும் பரவியிருக்கும்.