பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் மதியச் சாப்பாட்டைக் குழந்தைகள் மீதம் வைக்காமல் சாப்பிட என்ன செய்வது?

எந்தக் கிழமைக்கு என்ன கட்டிக்கொடுப்பது என்று நீங்கள் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் என்னிடமும் இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். இருந்தும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மாலையில் கொண்டுவரும் டிபன் பாக்ஸில் பாதி அப்படியே இருக்கும். மனைவி செவிலியர், ஆறரைக்கே பணிக்குக் கிளம்பிவிடுவார். சமைப்பதும் நான்தான், மாலையில் பிள்ளையைத் திட்டுவதும் நான்தான்.

ஒருநாள் அவளுக்குக் கட்டியதையே இன்னொரு டப்பாவில் கட்டி அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். ஏழரைக்கு மூடியதைப் பன்னிரண்டரைக்குத் திறந்தேன். நெய் மணக்கச் சுட்ட தோசை விறைத்துக் கிடந்தது; பிய்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மதுரை வெயிலில் தேங்காய்ச் சட்னி ஊசிப்போயிருந்தது. இதைத் தின்னவில்லை என்றுதானே முந்தின நாள் அவளை அழவைத்தேன்!

அந்த வாரம் முழுவதும் அவள் சாப்பாட்டையே நானும் சாப்பிட்டேன். சாம்பார் சாதம் கரண்டியோடு சேர்ந்து கட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தது. சூடாக இருக்கும்போதே மூடிய உருளைக்கிழங்கு வறுவல், மூடியில் கோத்த நீர் சொட்டி நமுத்திருந்தது. நான் படித்தது கிராமத்து அரசுப் பள்ளியில், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவன். ருசி முன்னே பின்னே இருக்கும், ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய சோறு நேராகத் தட்டில் விழும். டப்பாச் சோற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏழரை மணி நாக்கால் ருசி பார்த்துக் கட்டுவதுதான் நாம் செய்யும் தப்பு.

இப்போது தோசை வீட்டோடு சரி. டப்பாவுக்கு இட்லிதான், அதுவும் சின்ன இட்லி. இளஞ்சூட்டிலேயே நல்லெண்ணெய் தடவிப் பொடியில் புரட்டிவிட்டால் மதியம்வரை காய்வதில்லை. சாம்பார் சாதத்தைப் பாயசம்போல் தளரக் கரைக்கிறேன். சோறு இழுத்துக்கொண்டது போக மதியத்துக்குப் பதமாக இருக்கிறது. எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்தபின்தான் சாறு பிழிய வேண்டும், கொதிக்கவிட்டால் கசக்கும். வறுவலை ஆறவைத்துத்தான் மூடுகிறேன்.

தயிர் சாதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தயிரைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்தால் பன்னிரண்டு மணிக்குப் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். குழைய வடித்த சோற்றை வெதுவெதுப்பாக மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு தேக்கரண்டி தயிர், கொஞ்சம் வெண்ணெய், உப்பு சேர்த்துக் கலந்து மூடிவிடுங்கள். காலையில் பார்த்தால் பால் சோறுதான். அது டப்பாவுக்குள்ளேயே உறைந்து, அவள் திறக்கும் நேரத்துக்குத் தயிர் சாதமாகியிருக்கும். இதை எனக்குச் சொல்லித்தந்தது என் மாமியார். அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் பல மாதப் பஞ்சாயத்து மிச்சமாகியிருக்கும்.

சில சமயம் குற்றம் சாப்பாட்டில் இருக்காது. நான் வாங்கிய விலை உயர்ந்த டப்பாவின் மூடியை அவளால் திறக்க முடியவில்லை. ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, பலநாள் பிஸ்கட்டோடு நிறுத்தியிருக்கிறாள். புது டப்பா வாங்கினால் வீட்டிலேயே பிள்ளையைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். இடைவேளை அவளுக்கு இருபத்தைந்து நிமிடம். கை கழுவ வரிசை, தோழிகளோடு பேச்சு எல்லாம் போக மிஞ்சுவது பத்து நிமிடம். அந்த நேரத்தில் எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவுதான் வைக்கிறேன். அளவைக் குறைத்த முதல் நாளே காலி டப்பாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பசி மிச்சமிருந்தால் நான்கு மணிக்கு வீட்டில் சூடாகத் தோசை இருக்கிறது.

காய்தான் இன்னும் முழுதாக வசப்படவில்லை. கேரட்டைத் துருவிச் சாதத்திலேயே கலந்துவிடுகிறேன், பீன்ஸ் சின்னதாக நறுக்கினால் போகிறது. வெண்டைக்காய் மட்டும் எப்படி வதக்கிக் கொடுத்தாலும் எண்ணி வைத்ததுபோல் திரும்பி வருகிறது. அதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.