பொதுச் சுகாதாரக் களப்பயிற்சி: மும்பை மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பொதுச் சுகாதாரம் படிக்கும் முதுகலை மாணவர்களுக்குத் தாராவியிலும் கோவண்டியிலும் பதினோரு ஆண்டுகளாகக் கள மேற்பார்வையாளராக இருந்துவருகிறேன். மே மாதம் பிறந்தால் போதும், மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பயிற்சியை முடித்ததாகக் கணக்கில் கொள்ள என்னென்ன வேண்டும்? மூத்த மாணவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (மாணவி, சயான்)

உங்கள் துறையின் பாடத்திட்டக் கையேட்டில் இருப்பதுதான் விதி, தங்கையே. முதலில் அதைப் படித்துவிடுங்கள். பொதுவாக எங்கும் கேட்பவை இவை: பயிற்சி தொடங்கும் முன் மாணவர், துறை வழிகாட்டி, கள மேற்பார்வையாளர் மூவரும் கையொப்பமிட்ட கற்றல் ஒப்பந்தம், பணிநேரப் பதிவேடு, இடைக்கால மதிப்பீடு, மேற்பார்வையாளரின் இறுதி மதிப்பீடு, அறிக்கை, துறையின் முன் ஒரு விளக்கவுரை. பயண நேரமும் அறிக்கை எழுதும் நேரமும் கணக்கில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எடுத்துக்காட்டாக, கையேட்டில் 240 மணி நேரம் என்றிருந்தால், நாளுக்கு 6 மணி வீதம் 40 வேலை நாள்கள் ஆகும். தாளில் அது 8 வாரம். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நிற்கும் நாள்களையும் கணபதி விடுமுறையையும் பார்த்த எனக்கு, 10 வாரம் ஒதுக்கினால்தான் மனம் ஒப்பும்.

ஒப்பந்தத்தில் 'காசநோய் விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' என்று எழுதினேன். வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். என்ன தவறு? (மாணவர், செம்பூர்)

அவர் செய்தது சரி, தம்பி. விழிப்புணர்வு ஏற்பட்டதா இல்லையா என்று பத்தாவது வாரத்தில் எதை வைத்துச் சொல்வீர்கள்? யாரிடம், எத்தனை பேரிடம், எதைக் கேட்டு, முடிவில் யார் கையில் எதைக் கொடுப்பீர்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். சில வாரங்களில் இருமல் நின்று, உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தாராவித் தமிழர்களிடம் இன்னொரு காரணத்தையும் கண்டிருக்கிறேன். அம்மன் கோயில் கொடைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகிறார்கள். கையில் கொண்டுபோன மாத்திரை தீர்ந்ததும் சிகிச்சை அறுந்துவிடுகிறது. நோயாளியின் பதிவை காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தின் வழியே ஊரிலுள்ள சுகாதார நிலையத்துக்கு மாற்றலாம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. "இடையில் நிறுத்திய 20 பேரிடம் பேசி, காரணங்களைத் தொகுத்து, சுகாதார நிலைய ஊழியர்களுக்கு 4 பக்கக் குறிப்பும், ஊருக்குப் போகிறவர்களுக்குத் தமிழில் ஒரு பக்க வழிகாட்டியும் தருதல்" என்று எழுதினால், நீங்கள் போன பிறகும் அந்தத் தாள் அங்கே வேலை செய்யும்.

வீடு வீடாகப் போகும் நேரத்தையும் திட்டத்தில் குறியுங்கள். ஒரு மாணவி இட்லி வியாபாரம் செய்யும் குடும்பங்களைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போய், நான்கு நாளும் பூட்டிய கதவுகளையே பார்த்துத் திரும்பினார். அந்த நேரத்தில் அவர்கள் தலையில் பாத்திரத்தோடு தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருப்பார்கள். ஐந்தாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போனார். ஊறவைத்த அரிசியைக் கழுவிக்கொண்டே ஓர் அம்மா முக்கால் மணி நேரம் பேசினார்.

இது ஆராய்ச்சி இல்லையே, பயிற்சிதானே. அறநெறிக் குழுவின் ஒப்புதல் எதற்கு? (மாணவர், மாட்டுங்கா)

தேவையில்லை என்று முடிவு செய்ய வேண்டியது அந்தக் குழுதான், நீங்கள் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் சில வகைப் பணிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கையும் விண்ணப்பித்தே பெற வேண்டும். குழு கூடும் தேதியைப் பார்த்து முன்கூட்டியே அனுப்புங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இங்கே பிறந்து வளர்ந்த பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிப்பது மராத்தியோ இந்தியோதான். வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முகம் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். காசநோய் என்று தெரிந்தால் கல்யாணப் பேச்சே நின்றுபோகும் வீடுகள் அவை.

என் மகளுக்கு நோய் தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், முலுண்ட்)

உங்கள் பயம் நியாயமானது அம்மா. காசநோய் காற்றில் பரவுகிறது. தொடுவதாலோ, நோயாளிகள் தரும் தேநீரைக் குடிப்பதாலோ பரவாது. காற்றோட்டமில்லாத அறைக்குள் உட்காராமல் வாசலில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். என்95 முகக்கவசம் அணியட்டும். முறையாகச் சிகிச்சை பெறுபவரிடமிருந்து தொற்றும் வாய்ப்பு விரைவிலேயே குறைந்துவிடும். மகளுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மையங்களில் அது இலவசம்.

மேற்பார்வையாளர் பாதியில் மாற்றலாகிவிட்டால்? (மாணவி, தாணே)

எனக்கே நேர்ந்தது. என் பயிற்சிக் காலத்தில் முதல் ஆறு வாரத்துக்கு ஒரு கையொப்பமும் வாங்கவில்லை. அவர் மாற்றலாகிப் போனார், புதிதாக வந்தவர் "நான் பார்க்காததற்கு நான் எப்படிக் கையெழுத்திடுவது?" என்றார். அந்த ஆறு வாரத்தையும் மறுபடி செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கையொப்பம் வாங்கி, அன்றே அதைப் படமெடுத்து வழிகாட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) சேர்கிறேன். அங்கும் இதே முறைதானா? (மாணவர், வாஷி)

சி.இ.பி.எச். என்ற, பொதுச் சுகாதாரக் கல்விக்கான அமெரிக்க அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளில், களப்பயிற்சியில் குறைந்தது 5 திறன்களைக் காட்டும்படி குறைந்தது 2 படைப்புகளை ஒப்படைக்க வேண்டும். மணிக்கணக்கை அந்தந்தக் கல்லூரி வகுக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே பயிற்சி செய்ய, முதல் நாளுக்கு முன்பே சி.பி.டி. அனுமதி (படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சிக்கான அனுமதி) கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் ஏறியிருக்க வேண்டும். முழுநேர சி.பி.டி.யை 12 மாதம் பயன்படுத்தினால், அதே நிலைப் படிப்புக்கான ஓ.பி.டி. வாய்ப்பு, அதாவது படித்த துறையில் தற்காலிகமாக வேலை செய்யும் வாய்ப்பு, போய்விடும்.

எனக்கு மராத்தி வராது. சமாளிக்க முடியுமா? (மாணவி, சென்னையிலிருந்து வருகிறார்)

முடியும். தாராவியில் தமிழே பாதி வழி கொண்டுபோகும். மீதிக்கு ஆரோக்கிய சேவிகைகளோடு (வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பெண் பணியாளர்கள்) நடங்கள், எந்தச் சந்தில் யார் வீடு என்பது அவர்களுக்கு மனப்பாடம். வரும் முன் நான்கு மராத்திச் சொற்களைப் படித்துக்கொள்ளுங்கள்: கோக்லா என்றால் இருமல், தாப் என்றால் காய்ச்சல், கோளி என்றால் மாத்திரை, 'கிதி திவஸ்?' என்றால் எத்தனை நாள்.